செவ்வாயைத் தவிர்க்கப் போய்ப் புதனில் சிக்கிய லூவர்: 2024 வசந்தகாலப் பயணத் திட்டம் ஒன்றின் ஆய்வு

2024 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் நண்பர் ஒருவர் தம் குடும்பத்தின் ஐரோப்பியப் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். கணவன், மனைவி, பதின்மூன்று வயது மகள், முழங்கால் வலி உள்ள அறுபத்தெட்டு வயதுத் தாயார் என நால்வர். ஏப்ரல் 26 வெள்ளி மாலை ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, 29 அன்று பாரிஸ், மே 2 அன்று சுவிட்சர்லாந்தின் லூசர்ன், 6 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க், 9 அன்று பிராங்பர்ட், 10 காலை விமானம் என்று பதினான்கு இரவுகள் கணக்கிடப்பட்டிருந்தன. விமானச் சீட்டும் விடுதிகளும் பணம் திரும்பக் கிடைக்காத வகையில் வாங்கியாயிற்று. ஷெங்கன் விசாவுக்கும் அதே தேதிகளைக் கொடுத்தாயிற்று. ரயில் சீட்டுகளும் நுழைவுச்சீட்டுகளும் மட்டுமே வாங்க வேண்டியிருந்தன. ஆக, எந்த நாளில் எந்த ஊரில் இருப்பது என்பதை மாற்ற வழியில்லை. ஊருக்குள் எதை எப்போது பார்ப்பது என்பதை மட்டும் மாற்றலாம்.

திட்டம் அக்கறையோடுதான் போடப்பட்டிருந்தது. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்தோறும் வார விடுமுறை என்பதை நண்பர் அறிந்திருந்தார். ஆகவே ஏப்ரல் 30 செவ்வாயைத் தவிர்த்து, மறுநாள் புதன்கிழமைக்கு லூவரை வைத்திருந்தார். அந்தப் புதன்கிழமை மே 1. வார விடுமுறையைக் கவனித்த கண் ஆண்டு விடுமுறையைக் கவனிக்கவில்லை. பாரிஸில் அவர்களுக்குக் கிடைத்த இரண்டு முழு நாட்களிலும் லூவர் மூடியிருக்கும் என்பதே அந்தத் தாளைப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது. மற்றவை அதன் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தன.

அந்தப் பதினைந்து நாட்களுக்குள் அவர்கள் வழியில் குறுக்கிட்ட பொது விடுமுறைகள் நான்கு: நெதர்லாந்தில் ஏப்ரல் 27, பிரான்ஸில் மே 1, மீண்டும் பிரான்ஸில் மே 8, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் பொதுவான மே 9. நான்கும் விடுமுறைதான் என்றாலும் நான்கும் நான்கு விதமாக நடந்துகொண்டன என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது. ஒரு நாட்டில் அருங்காட்சியகம் திறந்திருக்க, டிராம் நின்றது. இன்னொரு நாட்டில் மெட்ரோ ஓட, அருங்காட்சியகம் மூடியது. மற்றொன்றில் இரண்டும் இயங்க, ஒரு துண்டு சோப்பு வாங்கக்கூடக் கடை கிடைக்கவில்லை. "விடுமுறை நாள், எல்லாம் மூடியிருக்கும்" என்ற பொதுவான எச்சரிக்கை பயணிக்கு ஏறக்குறையப் பயனற்றது. எது மூடும், எது ஓடாது, எது நிரம்பி வழியும் என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம், ஏப்ரல் 27

மன்னர் வில்லெம்-அலெக்சாந்தர் 1967 ஏப்ரல் 27 அன்று பிறந்தவர். அவர் 2013இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாள் மன்னர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன் ஏப்ரல் 30 அரசி தினமாக இருந்தது. அது அரசி யூலியானாவின் பிறந்தநாள். அவருடைய மகள் பேயாட்ரிக்ஸ் பிறந்தது ஜனவரி 31 என்பதால், குளிரில் தெருவிழா நடத்த முடியாது என்று தாயின் நாளையே தக்கவைத்துக்கொண்டார். ஏப்ரல் 27 ஞாயிறாக அமைந்தால் விழா முந்தைய நாளுக்கு நகரும். 2014இலும் 2025இலும் அப்படித்தான் 26ஆம் தேதி கொண்டாடப்பட்டது. பழைய வழிகாட்டி நூலைக் கையில் வைத்துக்கொண்டு 30ஆம் தேதியைத் தவிர்த்துவிட்டதாக நிம்மதி அடைந்தவர்களும் உண்டு.

அன்று நகரமே ஆரஞ்சு நிறத்தில் தெருவுக்கு இறங்கிவிடும். வழக்கமான உரிமம் இல்லாமலே யாரும் நடைபாதையில் பழைய பொருட்களை விற்கலாம். குழந்தைகள் தம் பழைய பொம்மைகளைப் பரப்பி வைத்துப் பேரம் பேசுவார்கள். கால்வாய்களில் தனியார் படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நகரும். இந்தக் கூட்டத்தின் நடுவே டிராம் ஓட்ட முடியாது என்பதால் நகர மையத்தில் டிராம் சேவை நிறுத்தப்படும், பேருந்துகள் திருப்பிவிடப்படும், வழக்கமான சுற்றுலாப் படகுகளும் பெரும்பாலும் ஓடா. மெட்ரோ மட்டும் நிலத்தடியில் ஓடுவதால் தப்பித்துக்கொள்கிறது.

நண்பரின் தாளில் 27ஆம் தேதிக்கு எழுதப்பட்டிருந்தவை: காலையில் படகுச் சவாரி, பிறகு டிராமில் அருங்காட்சியகப் பகுதி, மாலையில் டிராமில் விடுதி. மூன்றும் நடக்காது. நடந்துபோகலாம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முழங்கால் வலியோடு இருப்பவருக்கு, தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் மூன்று கிலோமீட்டர் நடப்பது அவ்வளவு எளிதன்று. ரைக்ஸ்மியூசியம் ஆண்டின் 365 நாட்களும் திறந்திருக்கும் அருங்காட்சியகம் என்பது இங்கே கைகொடுத்தது. 2018இல் திறக்கப்பட்ட 52ஆம் எண் மெட்ரோ வழியில் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வைசல்கிராக்ட் நிலையம் வரை போனால், அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குச் சிறிது தூரம்தான் நடக்க வேண்டும். தெருக்கள் நிரம்புவதற்கு முன்பே, காலை ஒன்பது மணிக்குள் அங்கே போய்விடுவது, மதியம் வெளியே வந்து அருகிலுள்ள தெருவில் ஓரிடத்தில் அமர்ந்து விழாவை வேடிக்கை பார்ப்பது, பிறகு அதே மெட்ரோவில் திரும்புவது என்று அந்த நாளை மாற்றினோம். படகு திங்கட்கிழமைக்கும் கிடைக்காமல் போனது. ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும். அந்த ஆண்டு மார்ச் 21 முதல் மே 12 வரை திறந்திருந்த கோய்க்கன்ஹோஃப் துலிப் தோட்டம் ஞாயிற்றுக்கிழமையிலேயே இருக்கட்டும் என்று விட்டோம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மன்னர் தினத்தைத் தவிர்க்கும்படி சிலர் நண்பருக்கு அறிவுரை கூறியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில விடுமுறைகள் பயணியின் வழியை மட்டும் மறிக்கின்றன. இதுவோ பார்க்கத் தகுந்த ஒன்றைத் தானே கொண்டுவருகிறது. விடுதிக் கட்டணம் அன்று ஏறுவது உண்மைதான், ஆனால் அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது.

பாரிஸ், மே 1

சிக்கலின் மையம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் பதினொரு பொது விடுமுறைகளைப் பட்டியலிடுகிறது. ஆனால் சம்பளத்துடன் கட்டாய ஓய்வு என்று அது விதிப்பது மே 1 ஒன்றுக்கு மட்டுமே. மற்றப் பத்து நாட்களிலும் நிறுவனம் திறக்கலாமா, ஊழியர் வரவேண்டுமா என்பதைத் துறை ஒப்பந்தங்களும் நிறுவனங்களும் தீர்மானித்துக்கொள்ளலாம். மே 1 அன்று, இயல்பிலேயே நிறுத்த முடியாத பணிகளுக்கு மட்டும் விலக்கு: மருத்துவமனை, போக்குவரத்து, விடுதி, உணவகம் போன்றவை. ஆகவே பிரான்ஸில் "விடுமுறை" என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேறு வகை நாட்கள் இருக்கின்றன. மே 8 அன்றோ ஜூலை 14 அன்றோ பிரான்ஸில் ஒன்றும் நேராமல் சுற்றி வந்தவர், அந்த அனுபவத்தை நம்பி மே 1க்குத் திட்டமிட்டால் ஏமாந்துபோவார்.

அன்று லூவர், ஓர்சே கலை அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, ஆர்க் த த்ரியோம்ஃப் எனப்படும் வெற்றி வளைவு, செயின்ட் சப்பேல் சிற்றாலயம், பந்தியோன் நினைவு மண்டபம் அனைத்தும் மூடப்படும். இவற்றோடு வார விடுமுறைகளும் சேர்ந்துகொண்டன. லூவருக்குச் செவ்வாய், ஓர்சேக்கும் வெர்சாய்க்கும் திங்கள். ஏப்ரல் 29 திங்கள், 30 செவ்வாய், மே 1 புதன் என்று அந்த ஆண்டின் நாட்காட்டி வரிசையாக அமைந்ததால், மூன்று நாட்களுக்குள் லூவர் திறந்திருந்தது திங்களன்று மட்டும். ஓர்சேயும் வெர்சாயும் திறந்திருந்தது செவ்வாயன்று மட்டும். செவ்வாயன்று லூவருக்குப் போக முடியாதவர்கள் எல்லோரும் வெர்சாய்க்குத் திரும்புவதால் வாரத்தில் அங்கே கூட்டம் மிகும் நாட்களில் செவ்வாயும் ஒன்று. மறுநாள் விடுமுறையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நோத்ர்தாம் பேராலயமோ 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பின் அப்போதும் திறக்கப்படவில்லை. அது 2024 டிசம்பரில்தான் திறந்தது.

திங்கட்கிழமையை நண்பர் பயண நாளாக ஒதுக்கியிருந்தார்: காலையில் ஆம்ஸ்டர்டாமில் நிதானமாகச் சிற்றுண்டி, பிற்பகலில் ரயில், மாலையில் பாரிஸ். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் வடக்கு நிலையத்துக்கு யூரோஸ்டார் ரயில் எடுத்துக்கொள்வது மூன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. காலை எட்டு மணியளவில் புறப்பட்டால் மதியத்துக்கு முன் பாரிஸில் இருக்கலாம், பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு மதியம் இரண்டரை மணிக்கு லூவரில் நுழையலாம். அந்த ஆண்டு ஜனவரியில் 22 யூரோவாக உயர்த்தப்பட்டிருந்த நுழைவுச்சீட்டை நேரம் குறித்து வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கும் துன்பமும் குறையும். மாலை ஆறு மணிக்கு மூடும் அருங்காட்சியகத்தில் மூன்றரை மணி நேரம் என்பது லூவரின் பரப்புக்கு எந்த மூலைக்கும் போதாது. ஆனால் ஒரு நாள் முழுவதும் அங்கே நடக்கும் வலு அந்தக் குடும்பத்தில் மகளுக்கு மட்டுமே இருந்தது. ஆம்ஸ்டர்டாம் படகுச் சவாரி பலியானது இந்தக் காலை ரயிலுக்காகத்தான்.

செவ்வாய்க்கு வெற்றி வளைவையும் செயின்ட் சப்பேலையும் வைத்தோம். இரண்டும் மறுநாள் மூடுபவை. ஓர்சேயை வியாழன் காலைக்குத் தள்ளினோம், ஏனெனில் அன்று லூசர்ன் போகும் வழியில் உள்ள பாசல் நோக்கிய ரயில் பிற்பகலில்தான். வெர்சாய் கைவிடப்பட்டது. மனைவிக்கு அதில் வருத்தம் இருந்தது, எனக்கும் உண்டு. அதற்கு வாய்த்த ஒரே நாளான செவ்வாயில் வெர்சாய் அல்லது இந்த இரண்டு இடங்கள் என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலையை எப்படி மாற்றி அடுக்கினாலும் தவிர்க்க இயலவில்லை.

மே 1க்கு எஞ்சியது, சட்டத்தின் விலக்குக்குள் வருபவையும் சுவர் இல்லாதவையும். ஈஃபில் கோபுரம் ஆண்டு முழுதும் திறந்திருக்கும்; செய்ன் ஆற்றுப் படகுகள் ஓடும்; மோன்மார்த்ர் குன்றின் சாக்ரே கேர் தேவாலயம் திறந்திருக்கும். ஆனால் நகரத்தில் உள்ள அத்தனை பயணிகளுக்கும் அன்று இதே பட்டியல்தான் என்பதால், கோபுரத்தின் மின்தூக்கிச் சீட்டுகள் விற்பனைக்கு வரும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். அவை 60 நாட்களுக்கு முன் விற்பனைக்கு வருபவை. மே 1க்கான சீட்டு மார்ச் 2 அன்று. நண்பர் பிப்ரவரியில் கேட்டது நல்லதாயிற்று.

பாரிஸ் மெட்ரோ அன்று ஓடுகிறது, ஆனால் விடுமுறை நாளின் குறைந்த ஓட்டத்தோடு. தொழிற்சங்கங்களின் பேரணி பெரும்பாலும் ரெபுப்ளிக் சதுக்கத்திலிருந்து நாசியோன் சதுக்கம் நோக்கிப் போகும். அந்த வழியில் உள்ள நிலையங்களைக் காவல்துறை மூடச் சொல்வதும் வழக்கம். நண்பரின் விடுதி, அந்த வழிக்குப் பக்கத்தில் உள்ள பாஸ்டில் அருகே. எனவே பிற்பகல் முழுவதும் நகரின் மேற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டு இரவு உணவுக்குப் பிறகு திரும்பும்படி வகுத்தோம். பாரிஸுக்கு வெளியே நிலைமை இன்னும் கடினம்: பிரான்ஸின் பல மாநில நகரங்களில் மே 1 அன்று டிராமும் பேருந்தும் அறவே ஓடுவதில்லை. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் வாகனங்கள் கொட்டிலை விட்டு வெளியே வராத ஊர்கள் அங்கே உண்டு. அந்தக் குடும்பம் அன்று பாரிஸில் இருந்தது தற்செயலான அதிர்ஷ்டம்.

தெருமுனைகளில் அன்று ஒரு காட்சி. மியூகே எனப்படும் வெள்ளை மணிப்பூக்களைக் கொத்தாகக் கட்டி, சிறுவர்களும் முதியவர்களும் விற்பார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்திக்கொள்வார்கள். மற்ற நாட்களில் தெருவில் பூ விற்க அனுமதி வேண்டும், அன்று மட்டும் கண்டுகொள்ளப்படுவதில்லை. அந்தத் தாயார் பிற்பாடு என்னிடம் விரிவாகப் பேசியது ஈஃபில் கோபுரத்தைப் பற்றியன்று, இந்தப் பூவைப் பற்றித்தான்.

லூசர்ன் நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவிட்சர்லாந்தில் மே 1 நாடு தழுவிய விடுமுறை அல்ல. சூரிச், பாசல் நகரம் போன்ற சில மாநிலங்களில் உண்டு, லூசர்னில் இல்லை. அவர்கள் அங்கே இருந்த மே 2 முதல் 6 வரை எந்தத் தடையும் இருக்கவில்லை. மலைக் கேபிள் கார்கள் சில ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஸ்ட்ராஸ்பூர்க், மே 8

இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்த நாள். பிரான்ஸ் இதை விடுமுறையாக வைத்தது, எடுத்தது, 1981இல் மீண்டும் வைத்தது. ஜெர்மனியில் இது விடுமுறை அல்ல. பெர்லின் மட்டும் 2020இலும் 2025இலும் ஒருமுறை விடுமுறையாக அறிவித்தது. 2024இல் மே 8 புதன், மே 9 வியாழன் கிறிஸ்துவின் விண்ணேற்றப் பெருவிழா. ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் என்பதால் அது எப்போதும் வியாழனில்தான் வரும். இடையில் நிற்கும் வெள்ளியையும் விடுப்பாக எடுத்துக்கொண்டால் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாட்கள். இப்படி இரு விடுமுறைகளுக்கு நடுவே உள்ள வேலை நாளைத் தாண்டுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் "போன்", அதாவது பாலம், என்பார்கள். ஜெர்மானியர் "ப்ரூக்கன்டாக்", பால நாள், என்பார்கள். இரு நாட்டாரும் ஒரே நேரத்தில் பாலம் கட்டும் வாரம் அது.

இந்த வாரத்தில் ரயில்கள் நிற்கவில்லை, நிரம்பின. பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம். இருக்கை தீர்ந்தால் பயணமே இல்லை. ஜெர்மனியின் உள்நாட்டு ஐசிஇ அதிவேக ரயிலிலோ இருக்கை பதியாமலே சீட்டு வாங்கி ஏறலாம். நெரிசலில் நின்றாவது போய்ச் சேரலாம். ஒரே கூட்டம் ஒரு நாட்டில் பயணத்தைத் தடுக்கிறது, அடுத்த நாட்டில் களைப்பை மட்டும் தருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து பிராங்பர்ட் செல்லும் நேரடி ரயில்கள் முதல் வகையைச் சேர்ந்தவை என்பதால் மே 9க்கான நான்கு இருக்கைகளை மார்ச் தொடக்கத்திலேயே பதியச் சொன்னேன். தவறினால் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் ஓஃபன்புர்க் நகரத்துக்குப் போய் அங்கே ஜெர்மன் ரயிலில் மாறிக்கொள்ளும் மாற்று வழியையும் குறித்துக் கொடுத்தேன்.

மூலத் திட்டத்தில் மே 7 ஸ்ட்ராஸ்பூர்க் நகரம், மே 8 அருகிலுள்ள கோல்மார் நகரமும் திராட்சைத் தோட்டக் கிராமங்களும் என்று இருந்தது. கோல்மாருக்கு ரயில் எந்த நாளிலும் உண்டு. அங்கிருந்து கிராமங்களுக்குப் போகும் பேருந்துகளின் அட்டவணையைப் பார்க்கும்போதுதான் "திமான்ஷ் எ ஃபேத்", ஞாயிறும் விடுமுறையும், என்ற நிரல் வெறுமையாக இருப்பது தெரியவரும். ஐரோப்பிய அட்டவணைகளில் இன்னொரு மொழியும் உண்டு, குறிகளால் ஆனது: குறுக்காக வைத்த இரண்டு சிறு சுத்தியல்கள் இருந்தால் வேலை நாட்களில் மட்டும் ஓடும் வண்டி, சிலுவை இருந்தால் ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு உரியது. புதன்கிழமை என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை நிரலைப் படிப்பவர் ஏமாறுவது இங்கேதான். விடுமுறை எந்தக் கிழமையில் வந்தாலும் அட்டவணைக்கு அது ஞாயிறு. இரண்டு நாட்களையும் இடம் மாற்றி, கிராமங்களை 7ஆம் தேதிக்குக் கொண்டுவந்தோம்.

எட்டாம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க் பெரும்பாலும் கடையடைப்பு. ஸ்ட்ராஸ்பூர்க் உள்ள அல்சாஸ் வட்டாரம் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கீழ் இருந்தது; அக்காலச் சட்டங்கள் சில இன்றும் அங்கே உயிரோடிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஞாயிறு, விடுமுறை நாட்களில் கடை திறப்பதைப் பிரான்ஸின் மற்றப் பகுதிகளைவிட இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. 1892ஆம் ஆண்டின் ஆணை ஒன்றின்படி டிசம்பர் 26உம், புராட்டஸ்டன்ட் கோயில் உள்ள ஊர்களில் பெரிய வெள்ளியும் அங்கே கூடுதல் விடுமுறைகள். ஒரே நாட்டுக்குள் ஒரே விடுமுறைப் பட்டியல் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று பிரான்ஸில் இல்லை.

இப்போது நண்பரின் கடைசிக் கணக்குக்கு வருவோம். உறவினர்களுக்கான சாக்லேட்டும் பிற பரிசுப் பொருட்களும் மே 9 அன்று பிராங்பர்ட்டின் ட்சைல் கடைத்தெருவில் வாங்குவதாக எழுதியிருந்தார். ஜெர்மனியில் விடுமுறை அன்று அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திறந்திருக்கும், ரயில்கள் ஓடும். கடைகள் மட்டும், ரயில் நிலையம், விமான நிலையம், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றில் உள்ளவை நீங்கலாக, ஏறத்தாழ ஒன்றுகூடத் திறக்கப்படுவதில்லை. விண்ணேற்ற நாள் அங்கே தந்தையர் தினமும்கூட. ஆண்கள் கூட்டமாகக் கைவண்டியில் பீர் ஏற்றிக்கொண்டு ஊர்சுற்றுவதைப் பார்க்கலாம், பரிசு வாங்க முடியாது.

ஆனால் முந்தைய நாள் மே 8. பிரான்ஸில் விடுமுறை, ஜெர்மனியில் வேலை நாள். ஸ்ட்ராஸ்பூர்க்கின் டி எண் டிராம் 2017 முதல் ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரம் வரை ஓடுகிறது. ஸ்ட்ராஸ்பூர்க் கடைகள் மூடியிருந்த அதே மதியத்தில், டிராமில் ஆற்றைக் கடந்து, திறந்திருந்த ஜெர்மன் கடைகளில் வேண்டியதை வாங்கி வந்துவிட்டார்கள். தாங்கள் மட்டும் கண்டுபிடித்த வழி என்று எண்ணிப் போனவர்களுக்கு அங்கே ஒரு சிறு அதிர்ச்சி: பாதி ஸ்ட்ராஸ்பூர்க் அதே டிராமில் வந்திருந்தது. விலைக்காக ஆண்டு முழுதும் அங்கே போய் வாங்குகிற பிரெஞ்சுக்காரர்கள், தம் நாட்டில் விடுமுறையும் ஜெர்மனியில் வேலை நாளுமாக அமைந்தால் விடுவார்களா? கட்டணம் செலுத்தும் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றதாக நண்பர் எழுதியிருந்தார்.

மே 10 வெள்ளிக்கு ஒரு கடைசிக் கேள்வி மிஞ்சியிருந்தது. பால நாள் என்றால் விமான நிலையத்துக்கான புறநகர் ரயிலும் விடுமுறை அட்டவணையில்தான் ஓடுமோ என்று நண்பர் முந்தைய இரவு கேட்டார். இல்லை. பால நாளை மக்கள் தாமாக எடுத்துக்கொள்கிறார்கள்; சட்டத்தில் அது சாதாரண வெள்ளிக்கிழமை. வேலை நாள் அட்டவணைப்படியே ரயில் வந்தது, பெட்டிகளை வைக்க இடம் தாராளமாக இருந்தது.